அன்னதானத்தில் கை வேலை செய்கிறது, மனம் வேறெங்கோ இருக்கிறது: அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

கேள்வி: கெடிலக்கரையான்

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இயங்கும் ஒரு சிறிய உதவிக் குழுவில் நானும் ஒருவன். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, விழுந்த மரங்களை வெட்டி ஒதுக்கவும், மின்சாரம் இல்லாத நாள்களில் தெருவுக்கே சேர்த்துச் சமைக்கவும் ஒன்றுகூடியவர்கள்தாம் பின்னர் இந்தக் குழுவாக ஆனார்கள். அப்போது குழுவுக்குப் பெயரும் இல்லை, பொறுப்பாளரும் இல்லை. எவர் வீட்டில் அரிசி இருந்ததோ அவர் வீட்டு வாசலில் அடுப்பு எரிந்தது. 2015 பெருமழையிலும், 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணையில் கரைபுரண்டு வந்தபோதும், அதே ஆட்கள் அதே வேகத்தோடு இறங்கினோம். பேரிடர் இல்லாத காலத்திலும் ஏதாவது செய்ய வேண்டும் என்று எண்ணி, ஞாயிற்றுக்கிழமைகளில் மருத்துவமனை வாசலில், நோயாளிகளுக்குத் துணையிருப்பவர்களுக்குக் காலை உணவு வழங்கத் தொடங்கினோம்.

இப்போது எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. பிறந்த நாள், திருமண நாள், நினைவு நாள் என்று நன்கொடை தருபவர்களின் பட்டியல் இருக்கிறது. யார் வாளி தூக்குவது, யார் தட்டு கொடுப்பது என்ற முறை இருக்கிறது. நன்கொடையாளர் பெயர் அச்சிட்ட பதாகையும், அதன் முன்னே எடுக்க வேண்டிய புகைப்படமும் இருக்கின்றன. எனக்கு வந்திருக்கும் சங்கடம் இதுதான். பொங்கலைக் கரண்டியால் எடுத்து வைக்கும்போது, வரிசை எவ்வளவு நீளம், அண்டாவில் எவ்வளவு மீதம், படம் எடுத்தாயிற்றா என்பவைதாம் மனத்தில் ஓடுகின்றன. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால், உணவு வாங்கியவர்களில் ஒருவர் முகமாவது நினைவில் நிற்பதில்லை.

நான் மூச்சைக் கவனிக்கும் பயிற்சி செய்து வருகிறேன். புதுச்சேரிக்குப் போகும்போதெல்லாம் அரவிந்தர் ஆசிரமத்தில் சமாதியருகே சற்று நேரம் அமர்வேன். அங்கே எவரும் பேசுவதில்லை, மனமும் தானாக அடங்கிவிடுகிறது. அந்த அடக்கம் மருத்துவமனை வாசல் வரைக்கும் வருவதில்லை என்பதுதான் வியப்பாக இருக்கிறது.

இதோடு சேர்ந்த இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். தொடக்கத்திலிருந்து சமையல் பொறுப்பைப் பார்த்து வந்த அண்ணன் ஒருவர் சில காலமாக வரவில்லை. அவருடைய இடத்துக்கு வேறொருவர் முறைப்பட்டியலில் சேர்க்கப்பட்டார். வேலை தடையின்றி நடந்தது. எவ்வளவு எளிதாக நடந்துவிட்டது என்பதுதான் என்னை உறுத்துகிறது. சேர்ந்து வேலை செய்பவர்கள் எல்லாரும் நண்பர்கள் என்று நினைத்திருந்தேன். அது சரிதானா?

பதில்: வடலூரிலிருந்து ஒரு தொண்டர்

ஐயா, உங்கள் கேள்வியில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன என்று எனக்குப் படுகிறது. புகைப்படத்தைப் பற்றிய எண்ணம் வேறு. அண்டாவில் எவ்வளவு மீதம் இருக்கிறது என்ற எண்ணம் வேறு. முதலாவதை நீங்கள் தாராளமாகக் குறை சொல்லலாம். இரண்டாவது எப்படி மனச்சிதறல் ஆகும்? வரிசையின் கடைசியில் நிற்பவருக்கும் கிடைக்க வேண்டும் என்பதால்தானே கரண்டியின் அளவைக் கணக்குப் பார்க்கிறீர்கள்? இன்னும் உங்கள் முன்னே வந்து நிற்காத ஒருவரைப் பற்றிய அக்கறை அது. மூச்சைக் கவனிப்பதற்கு எந்த வகையிலும் குறைந்ததாக அதை நான் நினைக்கவில்லை.

வள்ளலார் 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி ஏற்றிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது என்பது இம்மாவட்டத்தில் அனைவரும் அறிந்தது. அந்த அடுப்பைப் பார்க்க வருபவர்கள் கைகூப்பி நிற்பார்கள். அதைக் காப்பவர்களுக்கோ விறகு நனையாமல் இருக்கிறதா, அரிசி களைந்தாயிற்றா, குழம்பு அடிப்பிடிக்கிறதா என்பதே நாள் முழுவதும் கவலை. நான் விடுமுறைகளில் காய் நறுக்கும் இடத்தில் உட்காருவது வழக்கம். பரங்கிக்காயின் தோல் தடிப்பாகப் போனால் பக்கத்தில் இருக்கும் பாட்டி ஒன்றும் சொல்லாமல் தோலை எடுத்து என் முன்னே வைத்துவிடுவார். அதன் பிறகு கத்தியைத் தவிர வேறெதிலும் கண் போகாது. மனத்தை ஒருமுகப்படுத்த வேண்டும் என்று அங்கே யாரும் எனக்குப் போதித்ததில்லை.

பசித்தவருக்கு உணவு தரும்போது அவருடைய தேசம், சமயம், சாதி, செய்கை ஆகியவற்றை விசாரிக்கக் கூடாது என்பது வள்ளலார் வகுத்த நெறி. விசாரிக்காமல் இருப்பதும் ஒரு வகை மரியாதை. ஆகவே, முகம் நினைவில் நிற்கவில்லை என்பதற்காக நீங்கள் இவ்வளவு வருந்த வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. பதாகையை மட்டும் சுருட்டி வைத்துவிட்டுப் பாருங்கள்.

பதில்: கிருஷ்ணா நகர்க் குடியிருப்பாளர், புதுச்சேரி

வடலூர் ஐயா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். விசாரிக்காமல் உணவு தரலாம். ஆனால் உணவுதான் தேவையா என்பதையும் விசாரிக்காமல் இருந்தால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பெஞ்சல் புயலின்போது நேரில் பார்த்தோம்.

2024 நவம்பர் 30 இரவு புயல் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. எங்கள் பகுதியில் மக்களை மீட்க இராணுவமே வர வேண்டியிருந்தது. தண்ணீர் வடிந்தபின் உணவுப் பொட்டலங்கள் வந்துகொண்டே இருந்தன; மதியம் வந்த புளிச்சோறு வீட்டுக்கு வீடு மிஞ்சியது. அதே நேரத்தில், எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் தனியாக வசிக்கும் மூதாட்டி ஒருவர், நனைந்த இரும்புப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதில் வீட்டுப் பத்திரமும் குடும்ப அட்டையும் அவருடைய கணவரின் ஓய்வூதியக் காகிதங்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாக இருந்தன. கையால் பிரித்தால் கிழியும். மாடி வீட்டுப் பெண் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, தாள்களுக்கு நடுவே மெல்லச் செலுத்தி, ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்தாள். நான் அவற்றைப் பழைய வேட்டியின் மேல் பரப்பினேன். மின்சாரம் வராததால் மின்விசிறி இல்லை. ஆகவே முறை வைத்துக்கொண்டு அட்டையால் விசிறினோம். அன்று மாலை முழுவதும் எங்களுக்கு வேறு சிந்தனையே வரவில்லை.

அந்த மூதாட்டியின் பெயரே அதுவரை எனக்குத் தெரியாது. இப்போது அவர் வீட்டுச் சாவியில் ஒன்று எங்களிடம்தான் இருக்கிறது. இருநூறு பேருக்குச் செய்யும்போது மனம் ஒன்றவில்லை என்று வருந்துபவர், ஒருவருக்கு ஒரு மாலை நேரத்தைக் கொடுத்துப் பார்க்கலாம் என்பதுதான் என் கருத்து. எண்ணிக்கை பெருகினால் மனம் கணக்குப்பிள்ளையாகத்தான் மாறும். அதில் உங்களுடைய குறை ஒன்றும் இல்லை.

பதாகை பற்றி எனக்கு மென்மையாகப் பேச வராது. ஆகவே விட்டுவிடுகிறேன்.

பதில்: கோரிமேட்டில் காத்திருந்தவன்

உணவு கொடுப்பவர்களே பேசிக்கொண்டிருக்கும் இடத்தில், வாங்கியவன் ஒருவனும் பேச வேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். என் தந்தையாரின் சிகிச்சைக்காக விழுப்புரம் மாவட்டத்திலிருந்து வந்து, புதுச்சேரி ஜிப்மர் வளாகத்தில் நெடுநாள் தங்கியிருந்தேன். அங்கே எங்களைப் போன்றவர்கள் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை என்று பல ஊர்களிலிருந்தும் வந்து பாயும் பையுமாகத் தங்கியிருப்பார்கள். ஊரில் நான்கு பேருக்குச் சோறு போடும் குடும்பத்தில் பிறந்தவன் கையில் தட்டோடு வரிசையில் நிற்பது எத்தகைய அனுபவம் என்பதை எழுத்தில் முழுதாகச் சொல்லிவிட முடியாது.

உங்களுக்கு ஒன்று வியப்பாக இருக்கலாம். முதல் நாள் எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்தவர், என் முகத்தைப் பார்க்காமல் உணவு வைத்தவர்தான். அவர் பார்வை தட்டிலேயே இருந்தது, "சாம்பார் மேலே ஊற்றட்டுமா, ஓரமாகவா?" என்று மட்டும் கேட்டார். என்னைப் பார்த்துக் கனிவோடு புன்னகைத்து, எந்த ஊர், யாருக்கு என்ன நோய் என்று பரிவோடு விசாரித்த இன்னொருவரிடமிருந்து விரைவாக நகர்ந்துவிட வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் நல்லவர்தான். ஆனால் அன்று காலைதான் மருத்துவர் எங்களிடம் ஒரு செய்தியைச் சொல்லியிருந்தார். அதை வரிசையில் நின்றபடி ஒருவருக்கு விளக்கும் நிலையில் நான் இல்லை. ஆகவே, முழு மனத்தோடு கொடுப்பது என்றால் முகத்தை உற்றுப் பார்ப்பது என்று பொருள் கொள்ள வேண்டாம். சாம்பாரை எங்கே ஊற்றுவது என்று கேட்டவரின் மனம் அங்கேதான் இருந்தது.

பல நாள்கள் தங்கியபின் தேவைகள் மாறின. உணவு எப்படியாவது கிடைத்துவிடும், கிடைக்காதவை வேறு. குளிக்கப் போகும்போது பையைப் பார்த்துக்கொள்ள நம்பகமான ஓர் ஆள் வேண்டும். கைப்பேசிக்கு மின்னேற்ற இடம் வேண்டும், ஏனென்றால் வார்டிலிருந்து எப்போது அழைப்பு வரும் என்று தெரியாது. இரத்தம் கொடுக்க ஆள் தேட வேண்டும். எந்தச் சீட்டை எந்தச் சாளரத்தில் கொடுப்பது என்று சொல்ல ஆள் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இதற்காகவே அரை நாள் அலைவதைப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பக்கத்தில் பாய் விரித்திருந்த பண்ருட்டிக்காரர் ஒருவர் இவை அனைத்தையும் செய்தார். அவரும் என்னைப் போலவே காத்திருந்தவர்தான். அவரை நான் இன்றும் அண்ணா என்றுதான் அழைக்கிறேன். பலாப்பழக் காலத்தில் அவரிடமிருந்து கட்டாயம் அழைப்பு வரும்.

படம் எடுத்தபோது முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்ட ஓர் அம்மாவைப் பார்த்தேன். "முகத்தைக் காட்டுங்கம்மா" என்று படம் எடுத்தவர் சொன்னார். மறுநாள் அந்த அம்மா வரிசைக்கு வரவில்லை. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

பதில்: பாதிரிப்புலியூர் ஓய்வுபெற்ற ஆசிரியை

தம்பி, மனத்தைப் பற்றி மற்றவர்கள் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். உங்கள் இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லை. சமையல் பார்த்த அந்த அண்ணன் வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள். குழுவைப் பற்றியோ, ஏன் வரவில்லை என்பதைப் பற்றியோ நீங்களாகப் பேச்செடுக்க வேண்டாம். சேர்ந்து வேலை செய்வதால் வருவது பழக்கம். வேலை எதுவும் இல்லாதபோதும் ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார முடிந்தால் அதற்கு மேற்பட்ட ஏதோ இருக்கிறது. எங்கள் பள்ளியில் முப்பது பேர் சேர்ந்து வேலை பார்த்தோம். ஓய்வு பெற்றபின் வீட்டுக்கு வந்து போகிறவர்கள் மூவர். எனக்கு அதில் வருத்தம் இல்லை. மற்றவர்களோடும் வேலை நன்றாகத்தானே நடந்தது? எல்லாரும் நண்பர்களாக இருந்தே ஆக வேண்டும் என்று குழுவின் தலையில் பாரத்தை ஏற்றாதீர்கள்.

மறுமொழி: கெடிலக்கரையான்

அனைவருக்கும் நன்றி. அம்மா சொன்னபடி அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவருடைய தாயார் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். தாயாரை விட்டு அவரால் நகர முடியவில்லை. குழுவில் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை, ஆனால் அவரே சொன்னார்: சொன்னால் எல்லாரும் பழத்தோடு வந்து படம் எடுப்பார்கள் என்று நினைத்தாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இப்போது நானும் இன்னொருவரும் மாலையில் மாறி மாறிப் போய் இருக்கிறோம். அந்த நேரத்தில் அவர் கடைத்தெருவுக்குப் போய் வருகிறார்.

படம் குறித்துக் குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. எங்கள் பொருளாளர் கேட்ட கேள்வி நியாயமானது: தாயாரின் நினைவு நாளுக்காக வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் ஒருவருக்கு, சமையல் நடந்தது என்பதை எப்படிக் காட்டுவது? கடைசியில், உணவைக் கிளப்பும் முன் சமையற்கூடத்திலேயே அண்டாக்களையும் சமைத்தவர்களையும் படம் எடுத்து அனுப்புவது, மருத்துவமனை வாசலில் கைப்பேசியை எடுப்பதில்லை என்று முடிவானது. இரு நன்கொடையாளர்கள் விலகிக்கொண்டார்கள். பொருளாளருக்கு இன்னும் என்மேல் கோபம்தான்.

கோரிமேட்டு நண்பரிடம் ஒன்று கேட்க வேண்டும். சீட்டு, சாளரம் குறித்து வழிகாட்ட எங்களில் இருவர் வார நாள் காலையில் நிற்கலாம் என்று யோசிக்கிறோம். எந்த நேரத்தில் நின்றால் பயன்படும்? வெளியாள்கள் நிற்பதை மருத்துவமனை ஊழியர்கள் ஏற்பார்களா?

மறுமொழி: கோரிமேட்டில் காத்திருந்தவன்

விடியும் முன்பே வெளியூர்ப் பேருந்துகளில் வந்து இறங்குவார்கள். பதிவுச் சாளரம் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே நில்லுங்கள். ஊழியர்களிடம் முன்கூட்டியே பேசி, எழுத்து மூலம் அனுமதி வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் பணம் பறிக்கும் இடைத்தரகர் என்று உங்களை நினைத்துவிடுவார்கள், நோயாளிகளும் அப்படித்தான் அஞ்சுவார்கள். சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருங்கள். ஒன்றை யாராவது வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.