ஒரே பள்ளி மாவட்டத்தில் அடுத்தடுத்த இரண்டு தொடக்கப்பள்ளிகள்: நன்கொடையை எங்கே கொடுப்பது?

கேள்வி (இரண்டாம் வகுப்புப் பெற்றோர்):

வணக்கம். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் வசிக்கிறோம். என் மகள் படிக்கும் அரசுத் தொடக்கப்பள்ளியில் இசை ஆசிரியர், ஓவிய ஆசிரியர், கீழ்வகுப்புகளுக்கான உதவியாளர்கள் ஆகியோரின் சம்பளத்தைப் பெற்றோர் ஆசிரியர் கழகமே ஏற்றுக்கொள்கிறது. நெடுஞ்சாலைக்கு அப்பால் அதே பள்ளி மாவட்டத்தை (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகம்) சேர்ந்த மற்றொரு பள்ளியில் படிக்கும் நண்பரின் மகனுக்கோ இசை வகுப்பே கிடையாது. வகுப்பறைக்கான காகிதத்தையும் வண்ணப் பென்சிலையும் ஆசிரியையே தம் கைக்காசில் வாங்குகிறாராம். நிர்வாகம் ஒன்றாக இருக்க, இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? நன்கொடை கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. அதை எங்கள் பள்ளிக்கே கொடுப்பதா, மாவட்டம் முழுமைக்குமான கல்வி அறக்கட்டளைக்குக் கொடுப்பதா?

மறுமொழி 1 (நெடுநாள் கலிபோர்னியாவாசி):

மாவட்டங்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வைக் குறைக்க இம்மாநிலம் ஓரளவு முயன்றிருக்கிறது. சொத்து வரியை மட்டும் நம்பிப் பள்ளி நடத்துவது சமத்துவத்துக்கு எதிரானது என்று செரானோ வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் 1971-இல் கூறியது. 1978-இல் வாக்காளர்கள் ஏற்ற 13-ஆம் முன்மொழிவு என்ற சட்டம் சொத்து வரிக்கே உச்சவரம்பு கட்டியது. 2013 முதல் ஏழை மாணவர், ஆங்கிலம் கற்போர், வளர்ப்புப் பராமரிப்பிலுள்ள பிள்ளைகள் ஆகியோரின் எண்ணிக்கைக்கேற்பக் கூடுதல் நிதி தரப்படுகிறது. (வீட்டில் தமிழ் பேசும் மென்பொறியாளரின் பிள்ளையும், ஆங்கிலத் தேர்வில் தேறாவிட்டால், இந்தக் கணக்கில் சேரும்.) ஆனால் இத்தகைய மாணவர் 55 விழுக்காட்டைத் தாண்டினால் கிடைக்கும் பெரிய மானியம் மாவட்டத்தின் மொத்தக் கணக்கைப் பார்த்தே தரப்படுவதால், வசதியான மாவட்டத்துக்குள் அமைந்த ஏழைப் பள்ளிக்கு அது எட்டுவதில்லை. உங்கள் நண்பரின் மகன் அப்படியொரு பள்ளியில்தான் படிக்கிறான் என்று தோன்றுகிறது.

மிச்ச வேறுபாடு நன்கொடையால் வருவது. அரசுப் பள்ளி கட்டணம் வாங்கக் கூடாது என்று 1984-இல் தீர்ப்பான பிறகு, கடிதத்தில் "விருப்ப நன்கொடை" என்றுதான் எழுத முடியும். ஆயினும் நீங்கள் கொடுக்கும் தொகைக்கு ஈடாக நீங்கள் பணிபுரியும் நிறுவனமும் ஒரு பங்கு சேர்க்கக்கூடும். வருமான வரியிலும் கழிவு கோரலாம். துப்புரவுப் பணியாளரான தந்தைக்கு இவ்விரண்டும் அதே அளவில் வாய்ப்பதில்லை. ஆகவே தனியார் கொடை என்று நாம் சொல்வதில் அரசு விட்டுக்கொடுத்த வரியும் கலந்திருக்கிறது. என்னைக் கேட்டால் அறக்கட்டளைக்கே கொடுங்கள்.

மறுமொழி 2 (கழகப் பொருளாளர், வேறு பள்ளி):

மேலே எழுதிய நண்பரின் கணக்கை மறுக்கவில்லை, முடிவில்தான் வேறுபடுகிறேன். சான்டா மோனிகா–மாலிபு மாவட்டத்தில் மாலிபுப் பள்ளி ஒன்றின் பெற்றோர் கழகம் மாணவர் ஒருவருக்கு ஏறத்தாழ 2,100 டாலர் செலவிட்டபோது, சான்டா மோனிகாப் பள்ளி ஒன்றில் அது 96 டாலராக இருந்தது. பணியாளர் சம்பளத்துக்கான நிதியைப் பொதுவாகவே திரட்ட வேண்டும் என்று பள்ளிக் குழு 2011-இல் முடிவெடுத்தது. மாலிபுவைத் தனி மாவட்டமாகப் பிரிக்கும் கோரிக்கை அதன்பின் மேலும் வலுத்தது. ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில், ஒரு பள்ளி முதல் 10,000 டாலருக்கு மேல் திரட்டியதில் மூன்றில் ஒரு பங்கைப் பொது நிதிக்குக் கொடுக்கும் விதி பல்லாண்டு நடைமுறையில் இருந்தது. அதனால் பெற்றோர் ஓடிவிடவில்லை, வேறுபாடும் தீர்ந்தபாடில்லை. மூன்றில் இரண்டு பங்கு அதே பள்ளியில் தங்கினால் வேறென்ன நடக்கும்? எனினும் தம் பிள்ளையின் வகுப்பறையைக் கண்ணால் பார்ப்பதால்தான் பலர் கொடுக்கிறார்கள் என்பதை எங்கள் வசூல் மேசையில் அமர்ந்தவர்கள் அறிவார்கள். பாதியை இங்கும் பாதியை அங்கும் கொடுப்பதே நடக்கக்கூடிய வழி.

மறுமொழி 3 (வகுப்பறை உதவியாளர்):

நெடுஞ்சாலைக்கு அப்பாலுள்ளது போன்ற ஒரு பள்ளியில் பணிபுரிகிறேன். பணத்தைவிட ஆசிரியர் மாற்றமே எங்களை அதிகம் வருத்துகிறது. பணிமூப்புப் பெற்றவர்கள் எளிதான பள்ளிக்கு மாறிவிடுகிறார்கள். அவர்கள் இடத்துக்குப் புதியவர்கள் வருகிறார்கள். மூத்தவர்களுக்குச் சம்பளம் கூடுதல் என்றாலும், எல்லாப் பள்ளிக்கும் சராசரிச் சம்பளத்தை வைத்து வரவுசெலவு போடும் மாவட்டங்களில் இந்த வேறுபாடு ஏட்டில் தெரிவதே இல்லை. நன்கொடையை எங்கே கொடுத்தாலும் சரி, நிதியை எதற்குச் செலவிடப்போகிறது என்று சொல்லும் பொறுப்புடைமைத் திட்டத்தை மாவட்டம் ஜூலை 1-க்குள் ஏற்றுக்கொள்ளும் முன் நடத்தும் பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு வாருங்கள். எங்கள் பெற்றோர் பலர் மாலை நேர வேலையால் வர இயலாதவர்கள். அங்கே வசதியான பள்ளியின் பெற்றோர் ஒருவர் எழுந்து, அடுத்த பள்ளிக்கு இசை ஆசிரியர் ஏன் இல்லை என்று கேட்டால், குழு உறுப்பினர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.