புதுப்பிப்பு: பங்குப் பள்ளியில் (கத்தோலிக்கக் கோயில் நடத்தும் பள்ளியில்) ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை

முந்தைய இழையில், காரைக்குடிப் பக்கத்துப் பங்குப் பள்ளிகளிலும் 25 சதவீத ஆர்டிஇ (கல்வி உரிமைச் சட்ட) இலவச இடம் உண்டு என்று எழுதியிருந்தோம். தவறு. 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. நேரே தலைமையாசிரியரைப் பாருங்கள்.

உண்மையான சிக்கல் பெயரில்தான். திருமுழுக்குச் சான்றில் ‘அந்தோணி’, பிறப்புச் சான்றில் ‘முத்து’ என்றிருந்தால், எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவேடு) பதிவு பிறப்புச் சான்றையும் ஆதாரையும் ஒத்திருக்கட்டும். இனிஷியல்கூட! இங்கே விட்ட பிழை மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் வரை கூடவே வரும். ஆதி திராவிடக் கிறிஸ்தவப் பிள்ளைக்குச் சாதிச் சான்று பி.சி. என்றே வரும், வாய்ச்சொல்லை நம்பி எஸ்.சி. என்று பதியவிடாதீர்கள்.

மறைக்கல்வி (கிறிஸ்தவ சமயப் பாடம்) வகுப்பில் பிள்ளை கட்டாயம் இருக்க வேண்டுமா என்று கேட்ட இஸ்லாமிய, இந்துப் பெற்றோருக்கு: அரசு உதவி பெறும் பள்ளியில் உங்கள் சம்மதமில்லாமல் கட்டாயப்படுத்த முடியாது, அரசமைப்புப் பிரிவு 28(3).