கட்டுரைத் திட்டத்துக்கு ஆசிரியரிடமிருந்து பதில் வராவிட்டால் எதுவரை காத்திருப்பது?

ஏரிக்கரை (கேள்வி):
செங்கல்பட்டு மாவட்ட ஏரிகளில் மதகு திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டிகளைப் பற்றி எழுதித் தருவதாக, ஒரு மாத இதழின் ஆசிரியருக்கு ஆவணித் தொடக்கத்தில் மின்னஞ்சல் அனுப்பினேன். புரட்டாசி பிறந்துவிட்டது, வேண்டும், வேண்டாம் என்று ஒரு வரிகூட வரவில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஏரிகள் நிரம்பும்போது வந்தால்தான் இக்கட்டுரைக்கு மதிப்பு. மறுபடி கேட்டால் தொந்தரவாக நினைப்பார்களா? கேட்காமலேயே வேறு இதழுக்கு அனுப்புவது முறையாகுமா?

மெய்ப்புமேசை:
தயங்காமல் கேளுங்கள். உதவி ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இதழ் முடிக்கும் வாரத்தில் மெய்ப்புப் பார்ப்பதற்கும் பக்கங்களை அச்சுக்கு அனுப்புவதற்குமே பொழுது சரியாக இருக்கும்; தீபாவளி மலர் வேலையும் சேர்ந்துகொள்ளும் இப்பருவத்தில் நல்ல திட்டங்கள்கூடப் படிக்கப்படாமல் அடியில் போய்விடும். ஆகவே மௌனத்தை மறுப்பாகக் கொள்ள வேண்டாம். புதிய மடலாக எழுதாமல், பழைய மடலுக்குத் தொடர்ச்சியாகவே, "இது நவம்பர் இதழுக்கு ஏற்ற கட்டுரை; செப்டம்பர் 30க்குள் தங்கள் முடிவு தெரியாவிட்டால் வேறு இதழுக்கு அனுப்ப எண்ணியுள்ளேன்" என்று எழுதுங்கள். இப்படித் தேதி குறிப்பிடுவது மரியாதைக் குறைவு ஆகாது.

கலங்கல்:
சிற்றிதழ் என்றால் நான் இவ்வளவு கறாராக இருக்க மாட்டேன். அவற்றில் பலவற்றை வேறு வேலையில் இருப்பவர்கள், ஓரிருவராக, கைப்பணம் போட்டு நடத்துகிறார்கள். கதைக்கும் கவிதைக்கும் மாதக்கணக்கில் காத்திருக்கலாம். மழையை ஒட்டிய கட்டுரைக்கு அந்தப் பொறுமை சரிவராது. ஆனால், முதல் இதழுக்கு விலக்கிக்கொள்வதாக எழுதிய பிறகே அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். ஒரே கட்டுரை இரண்டிலும் வந்துவிட்டால் இரு ஆசிரியர்களின் நம்பிக்கையும் போய்விடும். உரிமை பற்றிக் கவலை வேண்டாம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, எழுதிக் கையொப்பமிட்டுத் தராதவரை உங்கள் எழுத்தின் உரிமை பிறருக்கு மாறாது. வெறும் கருத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்பதால், திரட்டிய தகவல் அனைத்தையும் திட்டத்திலேயே கொட்டிவிடாதீர்கள்.

ஏரிக்கரை:
இருவருக்கும் நன்றி. இன்றே நினைவூட்டல் அனுப்புகிறேன். மதகடியில் எடுத்த படங்களையும் இணைக்கலாமா?

மெய்ப்புமேசை:
இரண்டு போதும். நீர்க்கட்டியின் முகம் தெரியும் படமானால் அவருடைய சம்மதத்தைப் பெற்றிருப்பதையும் மடலில் குறிப்பிடுங்கள். ஆசிரியர் அதைக் கட்டாயம் கேட்பார்.