33 கியூபிட் ஓடுது, 34 போட்டா ஜாப் சாகுது

ராக்கோழி:
எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு கியூஎஃப்டி (குவாண்டம் ஃபூரியே டிரான்ஸ்ஃபார்ம்) சர்க்யூட்டை, அதாவது குவாண்டம் கம்ப்யூட்டர் போடுற ஒரு கணக்கை, காலேஜ் கிளஸ்டரில் சிமுலேட் பண்றேன். நோடுக்கு (கிளஸ்டரில் ஒரு கம்ப்யூட்டர்) 256 ஜிபி மெமரி. 33 கியூபிட் (குவாண்டம் பிட்) ஒரு நோடிலேயே ஓடுது. 34 போட்டா ஸ்லர்ம் (ஜாப்களைப் பங்கிடுற மென்பொருள்) கொன்னுடுது, லாகில் மெமரி போதலைன்னு ஒத்தை வரி. 8 நோடில் பிரிச்சுப் போட்டா ஓடுது, ஆனா பாதி நேரத்துக்கு மேல எம்பிஐயிலேயே (நோடுகள் தங்களுக்குள்ள டேட்டா அனுப்பிக்கிற வழி) போகுது. 36 வேணும். இன்னும் நோடு கேட்டா கைடு முறைக்கிறார்.

பழைய எம்பிஐ ஆள்:
தம்பி, ஒரு கியூபிட் கூடினா மெமரி இரட்டிப்பு. டபுள் ப்ரிசிஷனில் ஒரு ஆம்ப்ளிட்யூடுக்கு (கியூபிட்களின் ஒவ்வொரு 0/1 சேர்க்கைக்கும் வைக்கிற கலப்பெண்) 16 பைட். 2^34 ஆம்ப்ளிட்யூடுன்னா சரியா 256 ஜிபி. அப்புறம் லினக்ஸ் எங்கே குடியிருக்கும்?

36-லயும் இதே குழி இருக்கு. மொத்தம் 1024 ஜிபி, 8 நோடுக்குப் பிரிச்சா தலைக்கு 128. நோடுக்கு நோடு மாத்திக்க அதே அளவு பஃபர் எடுக்கிற கருவின்னா இன்னொரு 128. மறுபடி 256, மறுபடி சாவு. சிங்கிள் ப்ரிசிஷனுக்கு மாறுங்க, எல்லாம் பாதியாயிடும்.

வேகத்துக்கு வருவோம். 8 நோடுன்னா மேல் 3 கியூபிட் நோடு நம்பரிலேயே உட்கார்ந்திருக்கு. அந்த மூணில் ஹடமார்ட் (ஆம்ப்ளிட்யூடுகளை ஜோடி ஜோடியா கலக்குற கேட்) போட்டாதான் நெட்வொர்க்கைத் தொடணும். 36 கியூபிட் கியூஎஃப்டியில் வர்ற 630 கன்ட்ரோல்டு ஃபேஸ் கேட்டும் டயகனல், அதாவது ஆம்ப்ளிட்யூடுகளைக் கலக்காம தனித்தனியா பெருக்கும். அந்தந்த நோடு தன் பங்கைப் பெருக்கிட்டுப் போயிடலாம். கடைசியில் கியூபிட் வரிசையைத் திருப்புற ஸ்வாப்களைப் போடவே வேண்டாம், கியூபிட் நம்பரை மட்டும் திருப்பிக்கோங்க. உங்களுக்கு இவ்வளவு எம்பிஐ ஆகுதுன்னா, சர்க்யூட்டை டிரான்ஸ்பைல் பண்ணி சிஎக்ஸ், ஆர்இசட்னு சின்னச் சின்ன கேட்டா உடைச்சிட்டீங்களா? சிஎக்ஸ் டயகனல் இல்லை.

(2017-ல் அமெரிக்காவில் கோரி சூப்பர் கம்ப்யூட்டரில் 45 கியூபிட் ஓட்ட 8192 நோடு, அரை பெட்டாபைட் மெமரி பிடிச்சது. 36-க்கு அழாதீங்க.)

ராக்கோழி:
ஆமாண்ணா, உடைச்சிருந்தேன்! ஹார்டுவேர் டுடோரியலைப் பார்த்து அப்படியே காப்பி. ஃபேஸ் கேட்டை முழுசா விட்டேன், சிங்கிளுக்கும் மாறினேன், 36 ஓடிடுச்சு. ஸ்வாப்பை எடுத்துட்டு நம்பரைத் திருப்ப மறந்ததில் விடை தலைகீழா வந்து அரை நாள் போச்சு.

தஞ்சாவூர் டென்சர்:
குறுக்கே வர்றேன், மன்னிக்கணும். இன்புட் என்ன? எல்லா கியூபிட்டும் சுழியமா? அப்படின்னா கியூஎஃப்டி முடிவில் என்டாங்கிள்மென்ட்டே (கியூபிட்களுக்குள்ள பின்னல்) கிடையாது, ஒவ்வொரு கியூபிட்டும் தனித்தனியா நிக்கும். எம்பிஎஸ் முறையில் (மேட்ரிக்ஸ் ப்ராடக்ட் ஸ்டேட், பின்னல் கம்மின்னா மெமரியும் கம்மி) என் லேப்டாப்பிலேயே நூறு கியூபிட் போடலாம். ஸ்டேட் வெக்டருக்கு (எல்லா ஆம்ப்ளிட்யூடையும் வைக்கிற உங்க முறை) 8 நோடு செலவழிச்சதுக்கு நியாயம் வேணும்னா ரேண்டம் ஸ்டேட்டில் இருந்து ஆரம்பிங்க. இல்லேன்னா வைவாவில் முதல் கேள்வியே இதுதான்.

ராக்கோழி:
எல்லாமே சுழியம்தான். கைடுகிட்ட இன்னும் சொல்லலை.