மில்லேயின் ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’: வறுமைக்கு அழகு பூசிய ஓவியமா?

களத்துமேடு:
பிரெஞ்சு ஓவியர் ழான்-பிரான்சுவா மில்லே 1857இல் வரைந்த இந்த ஓவியம் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எல்லோரும் கொண்டாடுகிறார்கள், எனக்கு உறுத்துகிறது. அறுவடை முடிந்த வயலில் மூன்று ஏழைப் பெண்கள் சிந்திய கோதுமைக் கதிர்களைப் பொறுக்குகிறார்கள். விஷயம் வயிற்றுப்பாடு. அதன்மேல் பொன்வெயிலை ஊற்றிவிட்டார். பார்ப்பவர் “ஆஹா, கிராமம்!” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

தூரிகை:
அந்த வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். தூரத்தில் மலைபோல் கதிர்ப்போர்கள், பாரம் ஏற்றிய வண்டி, கும்பலாக வேலையாட்கள், வெளிச்சமெல்லாம் அங்கேதான். வலது ஓரத்தில் குதிரைமேல் ஒரு கங்காணி. குனிந்த பெண்கள் இருவரின் தலையும் தொடுவானத்துக்குக் கீழேயே நிற்கிறது. விளைச்சல் ஒரு பக்கம், சிந்தியது இன்னொரு பக்கம். பிரான்சில் மக்கள் கிளர்ந்தெழுந்து மன்னராட்சியைக் கவிழ்த்த 1848 புரட்சி நடந்து ஒன்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அன்றைய பாரிஸ் விமர்சகர்கள் பலர் இதைப் பார்த்து மிரண்டார்கள். சேன்-விக்தர் என்பவர், மனிதரின் விதியை முடிவுசெய்யும் கிரேக்கப் புராண தேவதைகள் மூவரை நினைவூட்டி, ‘வறுமையின் மூன்று விதிதேவதைகள்’ என்று கிண்டலடித்தார். வெறும் அழகு என்றால் ஏன் அவ்வளவு எரிச்சல்?

களத்துமேடு:
சரி, மிரண்டார்கள். அப்புறம்? மில்லேக்குக் கிடைத்தது 3,000 பிராங்க். 1889இல் விலை 3,00,000 பிராங்க்! வாங்கியவர் ஷாம்பெயின் முதலாளி மேடம் பொம்மெரி. அவர் வழியாகத்தான் அரசுக்கு வந்தது. மிரட்டும் படத்துக்கா பணக்காரர்கள் இப்படிக் கொட்டிக்கொடுப்பார்கள்? போதாததற்கு முகங்களையும் மறைத்துவிட்டார். மூவரும் யாரோ மூவர்.

நாற்றங்கால்:
சின்ன வயதில் தப்புக்கடலை (அறுவடைக்குப் பின் மண்ணில் தப்பிக் கிடக்கும் நிலக்கடலை) பொறுக்கியவன் என்பதால் நடுவில் நுழைகிறேன். குனிந்து பொறுக்கும்போது முகம் மண்ணைத்தான் பார்க்கும். நீலத் துணி கட்டிய பெண் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மடித்திருக்கிறாள், கவனித்தீர்களா? வலதுபக்கம் நிற்பவள் பாதி நிமிர்ந்தும் நிமிராமலும் இருக்கிறாள். இடுப்பு வலி தெரியாதவர் வரைய முடியாத நிலை அது. மில்லே நார்மண்டியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், வயலில் வேலை செய்தவர். விலை ஏறியதற்கு அவர் என்ன செய்வார்? 1875லேயே இறந்துவிட்டார்.

களத்துமேடு:
கங்காணியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எறும்பு அளவு. சொல்ல வந்தது அதுதான் என்றால் ஏன் அவ்வளவு தூரத்தில் கரைத்துவிட்டார்? வெயில் விஷயத்தில் நான் சொன்னது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். முதுகு விஷயமும் சரி. ஷாம்பெயின் விஷயத்தை மட்டும் விடமாட்டேன்.