ஜியோசேர்வரில கொழும்பு வரைபடம் திறக்க 40 செக்கன் எடுக்குது, உதவி தேவை

கேள்வி:
எல்லாருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில நாங்கள் நாலு பேர் சேர்ந்து, கொழும்பில வெள்ளம் ஏறுற இடங்களைக் காட்டுற வரைபடம் ஒண்டு செய்யிறம். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவ, வெல்லம்பிட்டிப் பக்கம் வீடுகளுக்குள்ள தண்ணி வந்தது நினைவிருக்கும். எந்த ஒழுங்கை முதலில தாழும் எண்டு சனம் போனிலேயே பார்க்கவேணும், அதுக்காகத்தான்.

தரவு போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்தில, அதைப் படமாகக் கீறி அனுப்புறது ஜியோசேர்வர், முன்னால பிரவுசரில காட்டுறது லீஃப்லெட். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் எண்ட திறந்த வரைபடத்தில இருந்து எடுத்த கட்டடங்கள் மட்டும் 3 லட்சத்துக்குக் கிட்ட. நகரம் முழுதும் தெரியிற மாதிரி வைச்சால் 40 செக்கன் வெறும் சாம்பல் கட்டங்கள்தான். ஒரு தெருவுக்குள்ள போனாலும் 8 செக்கன். ரேமை 4 ஜிபியில இருந்து 8 ஆக்கினோம், காசு போனதுதான் மிச்சம். மழைக்கு முதல் இதை முடிக்கவேணும்.

பதில்:
தம்பி, ரேமை விடுங்கோ. ஒரு தெருவுக்கே 8 செக்கன் எண்டால் இன்டெக்ஸ் (தேவையானதை நேரே எடுக்க உதவுற அட்டவணை) வேலை செய்யேல்ல. ஜியோசேர்வர் அனுப்புற கேள்வியை லொக்கில இருந்து எடுத்து, தரவுத்தளம் அதை எப்பிடித் தேடுது எண்டு எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் போட்டுப் பாருங்கோ.

கேட்டவர்:
பார்த்தன் அண்ணை. செக் ஸ்கேன், அதாவது ரேபிள் முழுக்கத் தேடுது எண்டு வருது. ஆனால் ஜியோமெற்றிக்கு (கட்டட வடிவங்களுக்கு) ஜிஸ்ட் எண்ட வகை இன்டெக்ஸ் போட்டிருக்கிறம். ஒரு விசயம் சொல்லேல்ல: வாய்க்கால் அளவீடு இலங்கைக் கிரிட் எண்ட ஆள்கூற்று முறையில, ஈபிஎஸ்ஜி எண் 5235 இல இருந்தது. அதோட பொருந்த கட்டடங்களையும் 5235க்கு மாற்றி வைச்சிட்டு, இணைய வரைபடங்கள் பாவிக்கிற 3857க்கு மாற்றுற வியூ (சேமிச்சு வைச்ச தேடல்) ஒண்டு எழுதினோம்.

பதில்:
பிழை அந்த வியூவிலதான். இன்டெக்ஸ் பழைய ஜியோமெற்றியில கிடக்கு, தேடுறது மாற்றின ஜியோமெற்றியில. அதால ஒவ்வொரு 256 பிக்சல் துண்டுக்கும் 3 லட்சம் கட்டடத்தையும் மாற்றிப் பார்த்துத்தான் வேண்டாததைக் கழிக்குது. ஒரு திரைக்கு இப்பிடி 15, 20 துண்டு. வியூவே இல்லாமல் விட்டிருந்தால் ஜியோசேர்வர் தேவையான கட்டடங்களை மட்டும் எடுத்து மாற்றியிருக்கும்.

3857இல உண்மையான ரேபிள் ஒண்டை உருவாக்கி, ஜிஸ்ட் போட்டு, புள்ளிவிபரத்தைப் புதுப்பிக்க அனலைஸ் ஓட்டுங்கோ. 5235ஐ அழிச்சுப்போடாதேங்கோ. தூரம், பரப்பு எல்லாம் அதிலதான் அளக்கவேணும். 3857இல கொழும்பில 100 மீற்றர் 100.7 எண்டு வரும்.

நகரம் முழுக்கக் காட்டுறது வேற பிரச்சினை. ஸூம் 11இல ஒரு பிக்சல் 76 மீற்றர். வெள்ளவத்தையில ஏழெட்டு வீடு ஒரே புள்ளிக்குள்ள அடங்கும். கண்ணுக்குத் தெரியாத வீட்டை ஏன் கீறவேணும்? ஸ்டைலில உச்ச ஸ்கேலை 20,000 எண்டு வையுங்கோ, ஸூம் 15இல இருந்துதான் கட்டடம் வரும். அதைவிடத் தூரப் பார்வையில கிராம சேவகர் பிரிவு எல்லைகளை எளிமைப்படுத்தி நிறம் தீட்டினால் போதும்.

இன்னொருவர்:
வெள்ளப் பரப்பு ஒரே பெரிய பலகோணமோ? அதின்ர சுற்றுப்பெட்டி (அதை அடக்குற செவ்வகம்) நகரம் முழுக்க மூடியிருக்கும், அதால எந்தத் துண்டைக் கேட்டாலும் முழுப் பலகோணமும் வரும். போஸ்ட்ஜிஐஎஸ்ஸின்ர எஸ்ரி சப்டிவைட் கட்டளையைப் போட்டு 256 புள்ளிக்கு மேற்படாத துண்டுகளாக வெட்டுங்கோ. ஒண்டு கவனம், வெட்டினதுக்கு ஓரக்கோடு போட்டால் வெட்டின இடமெல்லாம் கோடு தெரியும். நிறத்தை மட்டும் நிரப்பி, ஓரத்தைத் தனி லேயராகக் கீறுங்கோ.

கேட்டவர்:
இரவு மூண்டையும் செய்தம். தெரு ஒரு செக்கனுக்குள்ள வருது, நகரம் 2 செக்கன். உங்கள் ரெண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. இனி கேஷ் (கீறின துண்டுகளைச் சேமிச்சு வைக்கிறது) போட யோசிக்கிறம்.

பதில்:
போடுங்கோ, ஆனால் வெள்ள லேயரைத் தனியாக. நீர்மட்டம் மாறேக்கை அதை மட்டும் அழிச்சால் போதும், கட்டடங்கள் அப்பிடியே இருக்கட்டும். ஒவ்வொரு ஸூமுக்கும் துண்டுகள் நாலு மடங்கு கூடும், அதால 16 வரைக்கும் முன்கூட்டி நிரப்பினால் காணும். லீஃப்லெட் கேட்கிற முகவரி ஜியோசேர்வரோட வாற கேஷான ஜியோவெப்கேஷுக்குப் போகுதோ எண்டும் பாருங்கோ. ஒவ்வொருக்காலும் புதுசாகக் கீறுற டபிள்யூஎம்எஸ் சேவையை நேரே கேட்டால் கேஷ் சும்மா கிடக்கும்.

கேட்டவர்:
முகவரியை மாற்றியாச்சு. ஒரே ஒரு குறை: “வெள்ளவத்தை வாய்க்கால்” எண்ட பேர் ஒவ்வொரு துண்டிலயும் திரும்பத் திரும்ப வருது.

பதில்:
மெற்றாரைலை (ஒரேயடியாகக் கீறுற துண்டுக் கூட்டத்தை) 4க்கு 4 ஆக வையுங்கோ. பதினாறு துண்டையும் ஒண்டாகக் கீறிப்போட்டுத்தான் வெட்டும், பேர் அவ்வளவுக்கும் சேர்த்து ஒருக்கால்தான் விழும். மாற்றினாப் பிறகு அந்த லேயரின்ர பழைய கேஷை அழிக்க மறவாதேங்கோ.