உதவி தேவை: மேவனில் 'பொது' மாட்யூலைத் திருத்தியும் பில்லில் பழைய விலையே வருகிறது

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
வணக்கம். எங்கள் ஊர்ப் பால் சொசைட்டிக்கு பில் போடும் ஜாவா மென்பொருளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நிரலைக் கட்டித்தரும் கருவி மேவன் 3.9. தாய் போம் கோப்பின் (திட்டத்தின் அமைப்பை எழுதும் கோப்பு) கீழ் பொது, அச்சு, வலை என்று மூன்று மாட்யூல்கள் (தனித்தனிப் பகுதிகள்). கொழுப்பு, எஸ்என்எஃப் (பாலில் கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்) பார்த்து விலை போடும் கணக்கு 'பொது'வில் இருக்கிறது. நேற்று அதைத் திருத்திவிட்டு, 'வலை' ஃபோல்டருக்குள் போய் எம்விஎன் பேக்கேஜ் (மேவனில் கட்டும் கட்டளை) கொடுத்தேன். பில்ட் சக்ஸஸ். ஆனால் 4.2 கொழுப்புள்ள பாலுக்குப் பழைய விலையே சீட்டில் வருகிறது. கிளீன் கொடுத்தும் மாறவில்லை. நண்பரின் புது லேப்டாப்பில் இதையே செய்தால், 'பொது 1.0-ஸ்நாப்ஷாட் கிடைக்கவில்லை' என்று நின்றுவிடுகிறது. திங்கள் காலை பால் அளப்பதற்குள் சரியாக வேண்டும். மேவன் ஜார்களை (ஜாவா நிரல் தொகுப்புகளை) சேர்த்துவைக்கும் .எம்2 ஃபோல்டரை மொத்தமாக அழித்துவிடலாமா? இங்கே மொபைல் ஹாட்ஸ்பாட்தான்.

நகரியிலிருந்து:
அழிக்காதீங்க தம்பி, அத்தனை ஜாரையும் ஹாட்ஸ்பாட்டில் திரும்ப இறக்க வேண்டிவரும். இரண்டு கோளாறுக்கும் காரணம் ஒன்றுதான். 'வலை'க்குள் நின்று ஓட்டினால், பக்கத்து ஃபோல்டரில் 'பொது' இருப்பதை மேவன் பார்க்காது. .எம்2-வில் போய்த் தேடும். உங்கள் மெஷினில் எப்போதோ இன்ஸ்டால் செய்த பழைய ஜார் அங்கே இருக்கிறது, அதை எடுத்துக்கொள்கிறது. நண்பரிடம் அதுவும் இல்லை. கிளீன் அழிப்பது அந்த மாட்யூலின் டார்கெட் ஃபோல்டரை மட்டும்தான். தாய் ஃபோல்டரில் நின்று இப்படிக் கொடுங்கள்:

எம்விஎன் கிளீன் பேக்கேஜ் -பிஎல் வலை -ஏஎம்

-பிஎல் எந்த மாட்யூலைக் கட்டுவது என்று சொல்கிறது. -ஏஎம் போட்டால் 'வலை'க்குத் தேவையான மாட்யூல்களையும் சேர்த்து, வரிசைப்படி கட்டும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
ரொம்ப நன்றி அண்ணா, புது ஜார் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் இப்போது ஓட்டியதும் 'நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர்' வருகிறது, ஜாக்சன் என்ற ஜாவா நூலகத்தின் 'ஸ்ட்ரீம்ரீட்கன்ஸ்ட்ரெயின்ட்ஸ்' கிளாஸ் இல்லையாம். இந்தத் திருத்தத்தோடு 'பொது'வில் ஜாக்சனின் ஒரு ஜாரான டேட்டாபைண்டை 2.15.2-க்கு ஏற்றியிருந்தேன்.

நகரியிலிருந்து:
அந்த கிளாஸ் ஜாக்சன் கோர் 2.15-இல்தான் வந்தது. டேட்டாபைண்டுக்கு அந்த கோர் ஜார் தேவை. பழைய கோர் எங்கிருந்தோ நுழைகிறது. 'வலை'க்கு டிபென்டென்சி ட்ரீ (எது எந்த ஜாரை இழுக்கிறது என்ற பட்டியல்) எடுத்துப் பாருங்கள், -டிவெர்போஸ் சேர்த்து.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
பார்த்தேன். 'அச்சு' போமில் ஜாக்சன் கோர் 2.9.10 நேரடியாக இருக்கிறது. 2.15.2 பக்கத்தில் 'ஒமிட்டட் ஃபார் கான்ஃப்ளிக்ட்' (மோதலால் விடப்பட்டது) என்று போட்டிருக்கிறது. புதுசு இருக்கும்போது பழையதை ஏன் எடுக்கிறது?

நகரியிலிருந்து:
மேவன் பெரிய எண்ணைப் பார்க்காது, கிட்டே இருப்பதை எடுக்கும். வலை, அச்சு, கோர்: இரண்டு படி. வலை, பொது, டேட்டாபைண்ட், கோர்: மூன்று படி. அதனால் 2.9.10 ஜெயித்துவிட்டது. படி சமமாக இருந்தால் போமில் முதலில் எழுதியது ஜெயிக்கும். தாய் போமின் டிபென்டென்சி மேனேஜ்மென்ட் பகுதியில் ஜாக்சன் பாம் (பிஓஎம், ஜாக்சன் ஜார்களுக்கான வெர்ஷன் பட்டியல்) 2.15.2-ஐ இம்போர்ட் ஸ்கோப்பில் சேருங்கள், டைப் போம் என்று போட மறக்காதீங்க. அப்புறம் பிள்ளை போம்களில் ஜாக்சனுக்கு இருக்கும் வெர்ஷன் வரிகளை எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் அந்த மாட்யூலில் அதுதான் செல்லும்.

பாலக்காட்டிலிருந்து:
முடிந்தால் பில்டில் விதிகளைச் சரிபார்க்கும் என்ஃபோர்சர் ப்ளகினில் 'டிபென்டென்சி கன்வெர்ஜென்ஸ்' விதியையும் போட்டுவிடுங்கள். வெர்ஷன் மோதினால் பில்டிலேயே நின்றுவிடும். எங்களுக்கு ஒருமுறை இதே கோளாறு சர்வரில் ஏற்றிய பிறகுதான் தெரிந்தது, ராத்திரி முழுக்க உட்கார வேண்டியதாயிற்று.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
சரியாகிவிட்டது. ட்ரீயில் எல்லா இடத்திலும் 2.15.2. 4.2 கொழுப்புக்குப் புது விலை அச்சாகிறது, நண்பரின் லேப்டாப்பிலும் ஓடுகிறது. என்ஃபோர்சரை நாளை சேர்க்கிறேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.